வீட்டில் மட்டும் இறங்கிய பாட்டரி

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பழைய மயிலாப்பூர் வந்துவிடுகிறது. அறுபத்துமூவர் கூட்டம், லஸ்ஸில் டிராம் திரும்பும் கிரீச்சல், குளத்துப் படி. ஆளுக்கு ஒன்று சொல்கிறீர்கள். நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். "நீ மட்டும் ஏன் வாயைத் திறக்க மாட்டேங்கறே?" என்று போன வாரமும் கேட்டீர்கள். என்னிடம் இருப்பது ஒன்றுதான். அது வாயால் வரவில்லை. எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு நின்றவள். பிழை இருந்தால் விட்டுவிடுங்கள்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. இரண்டாவது உலகச் சண்டை வருவதற்கு நாலைந்து வருஷம் முன்னால்.

அம்மா ஒரு வக்கீல் வீட்டில் சமையல் செய்தாள். அப்பா இல்லை. சமையல்கட்டுக்குப் பின்னால் எங்களுக்கு ஓர் அறை. வீட்டு எஜமானியை மாமி என்று கூப்பிடுவேன். வக்கீலை ஒன்றும் கூப்பிட்டதில்லை. அவர் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்கி நிற்பேன்.

அந்தத் தெருவில் முதல் கார் அவர் வாங்கியதுதான். சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரரிடமிருந்து வாங்கினார். கறுப்பு நிறம். மாட்டுக்கொட்டிலை இடித்து அங்கே ஷெட் போட்டார்கள். சாணி வாசனை முழுக்கப் போகவில்லை. அதன் மேல் பெட்ரோல், தோல் ஸீட், சூடான எண்ணெய். மூன்றும் கலந்த அந்த வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது.

டிரைவர் திருவல்லிக்கேணிக்காரர். முஸ்லிம். காலை ஏழு மணிக்கு நடந்தே வருவார். சாயங்காலம் ஆறு மணிக்கு ஷெட்டைப் பூட்டி, சாவியைப் பின்வாசல் ஆணியில் மாட்டிவிட்டுப் போவார். வண்டியைத் துடைக்கும்போது பேசிக்கொண்டே துடைப்பார். கேட்க வேறு ஆள் இல்லை. என்னிடம் பேசுவார்.

ஒரு நாள் ஸீட்டுக்கு முன்னால் கால் வைக்கிற பலகையைத் தூக்கிக் காட்டினார். உள்ளே கறுப்புப் பெட்டி. மேலே இரண்டு ஈயக் கொம்பு.

"இதான் பாப்பா வண்டிக்கு உசுரு. இது இல்லேன்னா மத்ததெல்லாம் வெறும் தகரம்."

"உள்ளே என்ன இருக்கு?"

"தண்ணி. ஆனா குடிக்கிற தண்ணி இல்ல. ஆசிட்டு. தொட்டுடாதே, தோலு பூடும்."

ஒரு கண்ணாடிக் குழாயை விட்டு அந்தத் தண்ணீரை உறிஞ்சிக் காட்டினார். குழாய்க்குள் ஒரு மிதவை மேலே எழும்பியது. "மேல வந்துச்சுன்னா வயிறு ரொம்பிக்கீது. கீழ பூட்சுன்னா பட்டினி." எனக்குச் சிரிப்பு வந்தது. அவரும் சிரித்தார்.

அந்த மாதம் மாமியும் வக்கீலும் திருவான்மியூர் கோவிலுக்குப் போனார்கள். திரும்பும்போது அடையாறு பாலத்தின் மேல் டயர் வெடித்தது. ஒருவருக்கும் அடி இல்லை. ஆனால் மாமி பயந்துவிட்டாள். தெருக் கண்ணெல்லாம் கார் மேல்தான் என்றாள். வக்கீலுக்கு ஜோசியம், பரிகாரம் எதுவும் ஆகாது. ஒரு தடவை வீட்டுக்கு வந்த ஜோசியரை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியவர். அதனால் மாமி அவருக்குத் தெரியாமல் வடக்கு மாட வீதியில் அந்த ஜோசியரைப் போய்ப் பார்த்தாள். அவர் உள்ளங்கை அகலத்தில் ஒரு செப்புத் தகடு கொடுத்தார். மேலே கட்டமும் எழுத்தும் கீறியிருந்தது. வண்டியின் உயிர்நிலையில் வைக்க வேண்டும். சூரியன் சாய்ந்த பிறகு வைத்து, விடிந்ததும் எடுத்துவிட வேண்டும். வேற்று மனிதர் கை படக்கூடாது.

மாமி என்னைக் கூப்பிட்டாள்.

"வண்டிக்கு உயிர் எங்கேடி இருக்கு? நீதான் எப்பவும் அந்த ஷெட்டுலயே நிக்கறியே."

சொன்னேன். கேட்டவுடன் சொன்னேன். எனக்குத் தெரிந்ததை மாமி கேட்டது அதுவே முதல் தடவை.

அன்றிலிருந்து வேலை என்னுடையது. டிரைவர் போன பிறகு சாவியை எடுத்து ஷெட்டைத் திறப்பேன். பலகையைத் தூக்குவேன். இரண்டு கொம்புக்கும் நடுவில் தகட்டை வைத்து, அரைத்த சந்தனத்தால் நாலு பக்கமும் மெழுகுவேன். குங்குமம் வைப்பேன். மஞ்சள் ஜலம் தெளிப்பேன். காலையில் ஏழு மணிக்கு முன்னால் தகட்டை எடுத்து, பெட்டியை ஈரத் துணியால் துடைத்துவிட்டு, தகட்டைப் புளி போட்டுத் தேய்த்து ஒரு பித்தளைச் சம்புடத்தில் போட்டு வைப்பேன். விரல் நுனி எரியும். சொல்லவில்லை.

நாலாம் நாள் கார் கிளம்பவில்லை.

டிரைவர் காலால் ஸ்டார்ட்டரை மிதித்தார். முனகியது. நின்றுவிட்டது. முன்பக்கம் ஹாண்டிலைப் போட்டுச் சுற்றினார். பத்துச் சுற்றுக்குப் பிறகு இருமிக்கொண்டு எடுத்தது. வக்கீல் கோர்ட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

மாமி என்னைச் சமையல்கட்டுப் பக்கம் கூப்பிட்டு, "பாத்தியா, திருஷ்டி எவ்வளவு பலமா இருக்கு. இன்னும் நன்னா சந்தனம் போடு" என்றாள்.

நன்றாகப் போட்டேன். மறுநாளும் கிளம்பவில்லை. இன்னும் நன்றாகப் போட்டேன். கொம்போடு கொம்பு சேரும்படி கெட்டியாக மெழுகினேன். இப்படித்தான் பத்து நாள் போயிற்று. இன்று நினைத்தால் எனக்கே தாங்கவில்லை. அன்று சிரத்தையாகச் செய்தேன்.

டிரைவர் சும்மா இருக்கவில்லை. முதலில் விளக்கு எதுவும் எரிந்தபடி இருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிறகு பாட்டரியிலிருந்து ஒயரைக் கழற்றி, திரும்பக் கொம்பில் லேசாகத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

"எதுனா திருட்டுத்தனமா குடிச்சிக்கினு இருந்தா இங்க பொறி வரும் பாப்பா. வருதா பாரு."

வரவில்லை. வண்டி குடிக்கவில்லை என்றார். அன்று சாயங்காலம் ஒயரைக் கழற்றிப் போட்டுவிட்டே போனார். காலையில் மிதவை அடியில் கிடந்தது. அவர் அந்தக் குழாயை வெளிச்சத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். பெட்டியின் மேல் ஒட்டியிருந்த மஞ்சளை விரலால் தொட்டார். வெள்ளிக்கிழமைப் பூஜை என்று நினைத்திருப்பார். துடைத்துவிட்டார்.

பிறகு பாட்டரியைக் கழற்றி மவுண்ட் ரோடில் சார்ஜ் ஏற்றும் கடைக்கு ஒரு ஜட்காவில் கொண்டுபோனார். அங்கே ஏற்றி, இரண்டு ராத்திரி சும்மா வைத்துப் பார்த்தார்கள். சொட்டுக்கூட இறங்கவில்லை. திரும்ப வண்டியில் மாட்டினார். அன்று ராத்திரியே இறங்கிவிட்டது.

கடையில் நிற்கிறது. வீட்டில் இறங்குகிறது. வக்கீலுக்கு இது போதும். ராத்திரி டிரைவர் வண்டியை எடுத்துக்கொண்டு சவாரி போகிறான் என்று முடிவு கட்டினார். சாயங்காலம் தானே வந்து நாலு டயரைச் சுற்றியும் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டார். காலையில் கோடு அப்படியே இருந்தது. பாட்டரி செத்திருந்தது. ஒரு கேஸ் தோற்ற மாதிரி முகம் வைத்துக்கொண்டார்.

"இதோ பாரப்பா," என்றார் டிரைவரிடம். "வெள்ளிக்கிழமை எனக்கு அப்பீல் இருக்கு. அன்னிக்குக் காலம்பர வண்டி எடுக்கலைன்னா நீ வேற இடம் பாத்துக்கலாம்."

"ஐயா, ஏழு வருசம் வண்டி ஓட்டறேன். இது மாதிரி பார்த்ததில்லீங்க. நாலு நாளு கீது. கண்டுபுடிச்சிடறேன்."

அடுத்த நாள் ஹாண்டில் திருப்பி அடித்தது. அவருடைய வலது மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஒரு கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு இடது கையால் சுற்றினார். வியர்வை முகவாயிலிருந்து சொட்டியது. நான் ஷெட் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சாயங்காலம் இரண்டு மடங்கு சந்தனம் அரைத்தேன். அவருக்காகத்தான் அரைத்தேன். அது நிஜம். ஆனால் அதைச் சொல்லித் தப்பிக்கிற உத்தேசம் இல்லை.

இதற்குள் என் பாவாடையில் ஓட்டைகள் விழ ஆரம்பித்தன. ஊசியால் குத்தின மாதிரி பொடிப்பொடியாக. துவைத்தால் பெரிதாகும். அம்மா, "அடுப்புப் பொறி விழற அளவுக்கு அங்கே என்னடி பண்றே?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். டிரைவர் அந்த ஓட்டைகளை ஒரு நாள் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

"பாப்பா, இது ஆசிட்டு பட்ட ஓட்டையாச்சே. எங்க பட்டுச்சு?"

நான் ஓடிவிட்டேன்.

தகட்டிலும் எழுத்து போய்க்கொண்டிருந்தது. நான்தான் புளியால் அதிகமாகத் தேய்த்துவிட்டேன் என்று பயந்து சம்புடத்தை மாமிக்குத் திறந்து காட்டவில்லை. கடைசியில் கட்டமெல்லாம் போய், இரண்டு மூன்று வளைவு மட்டும் நின்றது. ஓரம் பச்சை பூத்து, புழு கடித்த இலை மாதிரி அரித்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் தகட்டை எடுத்து வைக்கச் சந்தனத் தட்டையும், துடைக்கத் துணியையும் எடுத்துக்கொண்டு போனேன். ஷெட் திறந்திருந்தது. உள்ளே பேச்சுக் குரல்.

டிரைவர் அன்று ஆறு மணிக்கே வந்திருந்தார். கூடவே மவுண்ட் ரோடு பாட்டரிக்காரரையும் அழைத்து வந்திருந்தார். வக்கீலே சாவி எடுத்துத் திறந்து விட்டிருக்கிறார். பாட்டரிக்காரர் குட்டையான ஆள். வாயில் வெற்றிலை. பலகையைத் தூக்கிப் பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"இன்னா நைனா இது? பாட்டரிக்குக் கல்யாணமா? சந்தனம் இன்னா, குங்குமம் இன்னா. நலங்கு வெச்சிக்கீறாங்களே!"

டிரைவர் எட்டிப் பார்த்தார்.

பாட்டரிக்காரர் ஒரு சின்ன மீட்டரை எடுத்தார். இரண்டு ஒயரையும் கொம்பில் வைக்கவில்லை. பெட்டியின் மேல், அந்த ஈரச் சந்தனத்திலேயே வைத்தார். முள் எழுந்து ஆடியது.

"பாருங்க சார். சந்தனத்துலயே கரண்ட் ஓடுது. ஆசிட்டு ஊறின ஈரம், நடுவுல செம்பு. இந்தக் கொம்புலேர்ந்து அந்தக் கொம்புக்குப் பாலம் கட்டி வெச்ச மாதிரி. ராத்திரி பூரா ஒழுகிக்கினு இருந்திருக்கு. உங்க பாட்டரி மேல தப்பு இல்ல. இவரு மேலயும் தப்பு இல்ல."

தகட்டை ஒரு குச்சியால் தள்ளி எடுத்தார். சோடா உப்பைத் தண்ணீரில் கரைத்துப் பெட்டியின் மேல் ஊற்றினார். புஸ் என்று நுரைத்தது. நுரை அடங்கியது. இன்னும் ஊற்றினார். மஞ்சள் எல்லாம் சட்டென்று சிவந்து, பலகை வழியாகத் தரையில் ஓடியது.

வக்கீல் இரண்டு அடி பின்னால் போனார். "என்னது இது? ரத்தமா?"

"மஞ்சளு மாதிரி தெரியுது சார்."

"மஞ்சள் எப்படி ஐயா செவக்கும்?"

பாட்டரிக்காரருக்குத் தெரியவில்லை. டிரைவருக்கும் தெரியவில்லை. ஆரத்தி கரைத்த எந்தப் பெண்ணுக்கும் தெரியும், சுண்ணாம்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். சோடாவும் அந்த ஜாதிதான். சத்தம் கேட்டு மாமி வந்து நின்றிருந்தாள். அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

வக்கீல் தகட்டைக் குச்சியோடு வாங்கி வெளிச்சத்தில் பார்த்தார். மிஞ்சியிருந்த வளைவுகளைப் பார்த்தார். பிறகு டிரைவரைப் பார்த்தார்.

"இது உங்க தாயத்து எழுத்து மாதிரின்னா இருக்கு."

"ஐயா?"

"போன மாசம் உன் பண்டிகைக்கு லீவு கேட்டே. கேஸ் இருக்குன்னு கொடுக்கலை. அந்த ஆத்திரமா?"

"ஐயா, சந்தனம் கீது, குங்குமம் கீது. நான் ஏங்க இதை வெக்கப் போறேன்?"

"அதான் வெச்சிருக்கே. எங்காத்துப் பூஜைன்னு நெனைச்சுக்கட்டும்னு. ராத்திரி பூட்டறது நீ. காலம்பர திறக்கறது நீ. நடுவுல யார் வருவா?"

"சார், செய்வினையாவது ஒண்ணாவது," என்றார் பாட்டரிக்காரர். "நீங்க படிச்சவங்க. இதெல்லாம் நம்புறீங்களா?"

"எனக்குத் துளிக்கூட நம்பிக்கை கிடையாது. பலிக்கறதா பலிக்கலையாங்கறது பேச்சே இல்லை. வைக்கணும்னு இவனுக்குத் தோணித்தே. அதான் பேச்சு."

அப்போதுதான் டிரைவர் என்னைப் பார்த்தார். நான் தட்டைப் பின்னால் மறைத்திருந்தேன். அவர் முகத்தில் கோபம் இல்லை. கணக்குக்கு விடை கிடைத்த மாதிரி ஒரு தெளிவு.

"ஐயா, இந்தப் பாப்பாவைக் கேளுங்க. அது பாவாடையைப் பாருங்க, ஆசிட்டு பட்டுக்கீது. யார் சொல்லி வெச்சுதோ, அது சொல்லும். அது பொய் சொல்லாது."

வக்கீல் என் பக்கம் திரும்பினார். அந்த வீட்டில் அவர் என்னை நேராகப் பார்த்தது அன்றுதான்.

மாமி முன்னால் வந்தாள். என் பின்னால் நின்று, வலது கையை என் தோளில் வைத்தாள். தட்டை மற்றொரு கையால் என் விரல்களிலிருந்து வாங்கிப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். வெளியில் யாருக்கும் தெரியவில்லை.

"அவளை ஏன் இழுக்கறேள்? நம்மாத்துக் கொழந்தை அவ. அவளுக்கு என்ன தெரியும்?"

நம்மாத்துக் குழந்தை. காதில் விழுந்தது.

"நீ வெச்சியா?" என்றார் வக்கீல்.

"இல்லை."

"யார் வெச்சான்னு தெரியுமா?"

"தெரியாது."

"பாவாடையில ஓட்டை எப்படி வந்துது?"

இதற்கும் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் அதோடு நிற்கவில்லை.

"டிரைவர் பாட்டரியைத் திறந்து காட்டினார். குழாய் விட்டு உறிஞ்சினார். அப்போ தெறிச்சுது."

இதை யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நானே சேர்த்தேன். பாதி நிஜம். அதனால் நன்றாக நின்றது. வக்கீல் தலையை ஆட்டினார், கோர்ட்டில் சாட்சி சரியாகச் சொன்னால் ஆட்டுவது போல.

டிரைவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டரிக்காரர் வெற்றிலையை வெளியே துப்பிவிட்டு வந்து, சாமானைப் பெட்டியில் போட்டுக்கொண்டே முணுமுணுத்தார். "சாட்சி ஷோக்காத்தான் கீது. வா நைனா, போலாம். இங்க நமக்கு இன்னா வேலை."

அன்று வக்கீல் வாடகை மோட்டாரில் கோர்ட்டுக்குப் போனார். மறுநாள் புது ஆள் வந்தார். ஸ்டார்ட்டரை மிதித்தார். ஒரே மிதி. வண்டி எடுத்தது. அதற்கு அடுத்த நாளும் எடுத்தது. தினமும் எடுத்தது. டிரைவர் போனான், தகடு போயிற்று, வண்டி ஓடுகிறது. இதைவிடச் சாட்சி வேண்டுமா என்று வக்கீல் வருகிறவர்களிடம் எல்லாம் சொன்னார். நானும் கேட்டேன். காபி டம்ளர் எடுக்கப் போகும்போது கேட்பேன்.

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. தினம் சாயங்காலம் சந்தனக்கல் ஈரமாக இருந்ததை அவள் கவனித்திருக்கிறாள். "நீதானே?" என்றாள். ஆமாம் என்றேன். குழம்பைக் கிளறிக்கொண்டே இருந்தாள். "இங்கே இருக்கணும்னா வாயை மூடிண்டு இரு" என்றாள். அடிக்கவில்லை. பாவாடை ஓட்டைக்கு அடித்தவள் இதற்கு அடிக்கவில்லை.

மாமி தீபாவளிக்கு எனக்குப் பட்டுப் பாவாடை எடுத்தாள். அரக்கு நிறம். உடுத்திக்கொண்டேன். கோவிலுக்கும் கட்டிக்கொண்டு போனேன்.

நான் சொல்ல வந்தது இத்துடன் முடிந்திருந்தால் சின்ன வயசு, பயம் என்று நீங்களும் சொல்லிவிடுவீர்கள். ரொம்ப வருஷம் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவர் ஒரு தடவை திரும்ப வந்தார்.

நாலைந்து நாள் கழித்து, மத்தியானம். காக்கிக் கோட்டும் சாப்பாட்டு டப்பாவும் ஷெட்டிலேயே இருந்துவிட்டன. பின்வாசலுக்கு வெளியே நின்றார், உள்ளே காலை வைக்கவில்லை. அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பினாள். மணிக்கட்டு வீக்கம் வடியவில்லை. கோட்டை இடது கையால் வாங்கிக்கொண்டார். டப்பாவை நான் நீட்டினேன். அதை எந்தக் கையால் வாங்குவது என்று கொஞ்சம் தடுமாறினார்.

"வேற வண்டி கெடச்சுதா?" என்று கேட்டேன். என்ன தைரியம் பாருங்கள்.

"வக்கீல் வூட்டுல சூனியம் வெச்சவன்னு ஊரெல்லாம் பேச்சு. எவன் குடுப்பான்? பார்க்கலாம்."

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். தெருவில் ஆள் இல்லை.

"பாப்பா, அன்னிக்கு பயந்துட்டியா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"சின்னப் புள்ள. வக்கீலு அப்படி மொறைச்சா பெரியவனுக்கே நாக்கு ஒட்டிக்கும். அதான் நான் எங்க வூட்டுல சொன்னேன். அது பயந்துடுச்சு, அவ்ளோதான்னு. பயந்துதானே சொன்னே?"

இல்லை. பயம் என்றால் எனக்குத் தெரியும். வக்கீல் எதிரே வந்தால் சுவரோரம் ஒதுங்குவேனே, அது பயம். அன்று அதெல்லாம் இல்லை. மாமியின் கை என் தோளில் இருந்தது. அதுவரை அந்த வீட்டில் அம்மாவைத் தவிர என்னை யாரும் தொட்டதில்லை. அந்தக் கை சூடாக இருந்தது. நிஜத்தைச் சொன்னால் அது எடுபட்டுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அது எடுபடக்கூடாது, அவ்வளவுதான் என் எண்ணம். அவர் வேலை என் நினைவிலேயே இல்லை.

அவர் காத்துக்கொண்டு நின்றார்.

"ஆமாம். பயந்துட்டேன்" என்றேன்.

அவர் முகம் தெளிந்துவிட்டது. "அதான பார்த்தேன்" என்றார். வீங்கின கையால் என் தலையைத் தொட வந்து, எந்த வீட்டு வாசல் என்பதை நினைத்துக்கொண்டு, கையை இழுத்துக்கொண்டார். டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு லஸ் பக்கம் நடந்தார்.